கையில் குத்தும் துணி

திருப்பூரில் ஒரு துணியைக் காட்டினால் அதைப் பற்றி யாரும் முதலில் எதையும் கேட்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வாங்கி, ஒருமுறை தேய்த்துப் பார்ப்பார்கள். எடை, நிறம், எந்த நாட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பல் மருத்துவரிடம் காத்திருக்கும் வேளையில் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காம்பாக்டிங் எங்கீங்க போட்டது?" என்று, துணி சுருங்காமலிருக்க எங்கே அழுத்தினார்கள் என்பதைக் கேட்கும் ஊர் இது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எனவே இந்தப் பழக்கத்தில் விசேஷமாக எதையும் கண்டதில்லை. அப்பா கண்ணாடித் துணி நெய்யத் தொடங்கிய பிறகுதான் அந்த இரண்டு விரல்கள்மீது எனக்குத் தீராத எரிச்சல் உண்டாயிற்று.

கண்ணாடித் துணி என்று நாங்கள் சொல்வது வசதிக்காக. உண்மையில், மெல்லிய கண்ணாடி இழைகளும் பிளாஸ்டிக் இழைகளும் ஒன்றோடொன்று கலந்த நூலில் நெய்யப்படுவது அது. தறியிலிருந்து இறங்கும்போது வெள்ளைச் சாக்கு போலிருக்கும். அதில் சில அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தினால், பிளாஸ்டிக் உருகிக் கண்ணாடி இழைகளை நாலாபுறமும் பற்றிக்கொள்ளும். ஆறிய பின் வெளியே வருவது துணி அல்ல, பலகை. அந்தப் பலகையை மறுபடி சூடாக்கினால் வேண்டிய வடிவத்துக்கு வளைக்கலாம். ஆறியதும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். கோவையில் கால் தாங்கிகள் செய்கிற ஒரு நிறுவனம் இத்தகைய பலகைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தது. கணுக்கால் வலுவில்லாத ஒருவருடைய காலின் வார்ப்பை எடுத்து, அதன்மேல் பலகையை வளைத்துத் தாங்கி செய்வார்கள். அவர் தன் உடல் எடையை அதனிடம் ஒப்படைத்து நடப்பார். ஆகவே அடுக்குகள் பிரியக் கூடாது. இந்தத் தொழிலின் நிபந்தனை மொத்தமே இதுதான்.

அப்பா அதற்குமுன் பனியன் துணி பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தொழிற்கண்காட்சியில் இந்தப் பலகையை யாரோ அவர் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார்கள். அவர் வளைத்தார், அது வளையவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் வேறொருவராக இருந்தார். பின்னும் மெஷின்களை விற்றுவிட்டு, பொங்கலூரில் அவருக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருந்த ஷெட்டில் ஒரு தறியையும், இரும்புத் தகடுகள் கொண்ட ஒரு பிரஸ்ஸையும் இறக்கினார். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் பெரியப்பா அதை ஒரு வியாதியைப் பொறுத்துக்கொள்வதுபோல் பொறுத்துக்கொண்டார். ஆனால் கெடு வைத்தார்.

"தை பொறக்கறதுக்குள்ள கோயமுத்தூர்க்காரன் உன்ற பலகைய எடுத்துக்கறேன்னு சொல்லோணும். இல்லீன்னா பிரஸ்ஸக் கழட்டிப்போட்டு எம்பிராய்டரி மெஷின எறக்கறேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது."

அப்பா சரியென்றார். அண்ணன் சொல்லுக்கு அவர் வேறெதையும் சொன்னதில்லை.

இதில் நான் நுழைந்ததற்குக் காரணம், நான் முதுகலையில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்பது. ஆங்கிலத்தில் வரும் எதுவும் எனக்கு உரியது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பிரஸ்ஸின் கையேடு, நூல் கம்பெனியின் குறிப்புகள், மின்வாரியத்தின் குறுஞ்செய்தி ஆகிய எல்லாம் என்னிடம் வந்தன. உருகுநிலையைப் பற்றிய ஓர் அட்டவணையை விளக்க முடியாமல் நான் தயங்கியபோது, "அஞ்சு வருசமா என்ன கண்ணு படிச்சே?" என்று அப்பா உண்மையான வருத்தத்துடன் கேட்டார். கோவை நிறுவனத்தின் பொறியாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் என் வேலை. அந்தப் பொறியாளர் எங்களைவிட நல்ல கோவைத் தமிழ் பேசுபவர். தொலைபேசியில் அப்பாவும் அவரும் தமிழில் எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, "இதையே இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டுரு" என்பார். பொறியாளர் அதற்கு, "நன்றிங்க, ஃபோன்லயே பேசிட்டோம்" என்று தமிழில் பதில் எழுதுவார்.

முதல் மாதிரிப் பலகைகள் நன்றாக வந்தன. தறியிலிருந்து வெட்டிய துணியை நேராக அடுக்கி அழுத்திய சிறு பலகைகள் அவை. பொறியாளர் அவற்றை வளைத்தார், தட்டினார், மூலையில் உளியை நுழைத்து நெம்பினார். பிரியவில்லை. பெரிய அளவில் அனுப்புங்கள், அதுவும் தேறினால் தொடர்ந்து வாங்குகிறோம் என்றார்.

பெரிய அளவில் வெட்டும்போது ஒரு சிக்கல் வந்தது. கத்தரி பட்டதும் ஓரத்து இழைகள் நழுவி, நெசவு கோணிக்கொண்டது. துணியின்மேல் ஒருமுறை இளஞ்சூடு பட்டால் இழைகள் இடம் மாறாமல் நிற்கும் என்று பொறியாளர் சொன்னார். துணிக்குச் சூடு காட்டுவது என்றால் திருப்பூரில் அதற்கு ஸ்டெண்டர் என்னும் நீண்ட மெஷின் இருக்கிறது. துணி ஒரு முனையில் ஈரமாக நுழைந்து, சூட்டு அறைகளைக் கடந்து, மறுமுனையில் காய்ந்து விறைத்து வெளியே வரும். அத்தகைய ஒன்று வேலம்பாளையத்தில் அப்பாவின் அக்கா கணவரிடம், அதாவது என் மாமாவிடம், இருந்தது.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் மச்சான் என்பவர் ஓர் உறவினர் அல்ல, ஒரு பதவி. பந்தியில் அவர் உட்காரும்வரை இலை போடுவதில்லை. என் தம்பியின் காதுகுத்துக்கு அழைப்பிதழைத் தாம்பூலத் தட்டில் வைக்காமல் அப்பா வெறும் கையால் நீட்டிவிட்டார் என்பதற்காக, மாமா நெடுநாள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதே மாமா, அப்பா டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கியவர். சூடு காட்டுவதற்கு எங்கள் துணியை வேறோர் இடத்துக்கு அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை. அனுப்பினால் சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஊரில் டெம்போ ஓட்டுநர்களுக்குத் தெரியாத எதுவும் கிடையாது.

சூடு காட்டிய துணி உருளை மாமாவிடமிருந்து திரும்பி வந்த நாளில் ஷெட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். அப்பா இரண்டு விரல்களுக்கு நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மச்சான் கை வெச்சா துணியே தனி" என்றார். தறியில் நிற்கும் விருதுநகர்ப் பக்கத்து அக்கா, கண்ணாடித் தூசு கழுத்தில் ஏறாமலிருக்கப் புடவைக்குமேல் முழுக்கைச் சட்டையும் துண்டும் சுற்றியிருப்பவர், தானும் தொட்டுப் பார்த்தார்.

"இப்பந்தான் பாப்பா இது துணி மாதிரி இருக்கு. இம்புட்டு நாளா கருவேல முள்ளையில்ல நெய்ஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்."

நானும் தொட்டேன். மிருதுவாகத்தான் இருந்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தத் துணியில் அழுத்திய பலகைகள் பார்வைக்குக் குறையில்லாமல் வெளியே வந்தன. மூலையில் நகத்தை நுழைத்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்தன. தக்காளித் தோலை உரிப்பதற்குக் கூட அதைவிடக் கூடுதல் முயற்சி தேவைப்படும்.

அதன்பிறகு நடந்தவற்றை என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அப்பா சூட்டைக் கூட்டினார். பலகையின் ஓரம் பழுப்பேறியது. அழுத்தத்தைக் கூட்டினார், பிளாஸ்டிக் வெளியே பிதுங்கி ஓடியது. பிரஸ் விற்றவர் வந்து பார்த்துவிட்டு நூலைக் குறை சொன்னார். நூல் விற்றவர் வராமலேயே பிரஸ்ஸைக் குறை சொன்னார். பெரியப்பா அனுப்பிய வாஸ்துக்காரர், நெருப்பு சம்பந்தப்பட்ட மெஷின் இந்த மூலையில் இருந்தால் எதுவும் ஒட்டாது என்றார். குடும்பமும் ஒட்டாது என்று சேர்த்துக்கொண்டார். பல டன் எடையுள்ள அந்த பிரஸ்ஸை உருளைக்கட்டைகள்மேல் தள்ளி எதிர் மூலைக்கு நகர்த்தினோம். அம்மா எலுமிச்சை வைத்தார். பலகை பிரிந்தது. எலுமிச்சையை பிரஸ்ஸின் மேல்தகட்டில் வைத்ததால் அது வெந்து, ஷெட் முழுவதும் ஊறுகாய் வாசனை மட்டும் சில நாள் நின்றது.

பொறியாளர் தொலைபேசியில் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். துணியில் ஈரம் இருந்ததா? இல்லை. தூசு? இல்லை. எண்ணெயோ சிலிக்கானோ எங்காவது பட்டதா?

"நம்ம ஷெட்டுக்குள்ளார சிலிக்கானே கெடையாதுங்க" என்றார் அப்பா. அது உண்மை. அந்த உண்மையை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகவும் அனுப்பினேன்.

அடுத்த உருளை மாமாவிடம் போயிருந்தது. டெம்போவோடு போய் எடுத்துவர அப்பாவுக்கு நேரமில்லை. கல்லூரி விடுமுறையானதால் நான் போனேன். வேலம்பாளையத்தில் மாமாவின் கூடத்துக்குள் நுழையும்போது ஸ்டெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வெள்ளைத் துணி உருளையிலிருந்து அவிழ்ந்து, மெஷினின் முகப்பிலிருந்த ஒரு தொட்டிக்குள் இறங்கி, பால்போன்ற ஏதோ ஒன்றில் நனைந்து, இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழியப்பட்டு, சூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இது என்னங்க மாமா?" என்றேன், தொட்டியைக் காட்டி.

மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "சாஃப்ட்னர் கண்ணு. சிலிக்கான் சாஃப்ட்னர். எக்ஸ்போர்ட்டுக்குப் போடறதவிட நல்ல சரக்கு, உங்கப்பனுக்குன்னு தனியா எடுத்து வெச்சுருக்கறேன். மொதல் நாளு இந்தத் துணி வந்தப்ப தொட்டுப் பார்த்தேன் பாரு, கை குத்துது. இப்புடியே அனுப்ப எப்புடி மனசு வரும்? சும்மா சூடு காட்டினாப் போதும்னுதான் உங்கப்பன் சொன்னாப்ல. அவுருக்குக் கேக்கறதுக்குச் சங்கடம். நாமளா செய்யோணும்."

சிலிக்கான் என்பது, எதுவும் எதனோடும் ஒட்டாமலிருக்க மனிதர்கள் பயன்படுத்தும் பொருள். வார்ப்பு அச்சிலிருந்து வார்த்தது பிரிந்து வருவதற்காக அதை வேண்டுமென்றே பூசுவார்கள். பிரஸ் கையேட்டில் அந்தப் பகுதியை நானே அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வோர் இழைமீதும் அதைப் பூசி, அதன்பிறகு அந்த இழைகளை ஒட்டவைப்பதற்காக நாங்கள் பல டன் இரும்பை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டிருந்தோம். மாமா டீ வரவழைத்தார். நான் குடித்தேன். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்ததால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பிரஸ்ஸை அணைத்தார். பிறகு சொன்னது இது:

"மச்சாங்கிட்ட இத எப்புடிச் சொல்றது?"

சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சாஃப்ட்னர் போட வேண்டாம். இதைச் சொல்வதற்கு ஒருவரைத் தேடி எங்கள் குடும்பம் ஒரு வாரத்தைச் செலவழித்தது. அப்பா சொல்லமாட்டார்; செய்த நல்லதைக் குற்றமாக்குவதுபோல் ஆகிவிடும். அத்தையிடம் சொல்லிச் சொல்லச் சொன்னால், தனக்கு நேராகச் சொல்லாமல் பெண்டாட்டியிடம் சொன்னதாக ஆகும். பெரியப்பா காதுக்குப் போகவே கூடாது. அவர் நிச்சயம் சொல்வார், சொல்லும் விதம்தான் ஆபத்து. கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "கம்பெனி ரூல்னு சொல்லுங்க. ஆரு மேலயும் பழி வராது."

அப்பா மாமாவை ஃபோனில் அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நலம் விசாரித்தார், அத்தையின் முழங்காலை விசாரித்தார், மாமா வாங்கியிருந்த கன்றுக்குட்டியை விசாரித்தார். இறுதியில், வைக்கப் போகிறவர்போல், "அப்பறமுங்க மச்சான், கோயமுத்தூர்ல ஏதோ ரூல் போட்டுருக்காங்களாம், துணியில எதுவுமே போடப்படாதுன்னு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். மறுமுனையில் மாமா தாராளமாகச் சம்மதித்தது எனக்கும் கேட்டது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

புதிய உருளை வந்தது. அப்பா தொட்டுப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் தொட்டேன். முன்பு இருந்த அளவு மிருதுவாக இல்லை. ஆனால் குத்தவும் இல்லை. தேவைப்பட்டது குத்துகிற துணி. ஒரு பலகை அழுத்திப் பார்த்தோம். இம்முறை நகம் போதவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்டேன். "கால் பங்குதான் கலந்தாரு கண்ணு" என்றார் அத்தை. "ரூலெல்லாம் பேப்பருக்கு, கைக்குக் கொஞ்சமாச்சும் வேண்டாமான்னு சொன்னாரு. நீ கவலப்படாதே, கோயமுத்தூர்க்காரனுக்குத் தெரியாது."

மாமாவைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்த ஊரில் ஒவ்வொரு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமும் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. எந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், எதை மரியாதையோடு தாண்ட வேண்டும் என்று அறிந்தவர்தான் இங்கே நிலைத்திருக்க முடியும். மாமா நிலைத்திருப்பவர்.

அது மார்கழி. பெரியப்பா ஒருநாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். கையில் அளவு டேப். பிரஸ் இருந்த மூலையிலிருந்து சுவர்வரை தரையை அளந்து சுண்ணாம்பால் குறித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் அப்பாவையே பிடிக்கச் சொன்னார். அப்பா பிடித்துக்கொண்டார். தன் பிரஸ்ஸை அகற்றினால் எத்தனை எம்பிராய்டரி மெஷின் கொள்ளும் என்று அளக்க, குந்தியபடி டேப்பின் முனையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா போகும்போது அடுக்கியிருந்த பிரிந்த பலகைகளில் ஒன்றை எடுத்து, விசிறிபோல் விரித்து, வீசிக்கொண்டார்.

"காத்து நல்லா வருது. வேணும்னா விசிறி கம்பெனி வெச்சுக்கலாம்."

அப்பா சிரித்தார். அண்ணன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பது அவர் பழக்கம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இனி யாரும் யாருக்கும் மரியாதை செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது.

பொறியாளர் பொங்கலுக்குமுன் ஒருமுறை பார்க்கிறேன் என்றார். கையிருப்பு நூலில் ஓர் உருளைதான் நெய்ய முடிந்தது. அது மாமாவிடம் போகும் நாளில், நானும் டெம்போவில் ஏறிக்கொண்டேன். அப்பா வந்தால் மச்சானை நம்பவில்லை என்றாகும். நான் வந்தால் மருமகள் வந்திருக்கிறாள் என்று மட்டுமே ஆகும். இந்த வேறுபாட்டை அப்பாதான் எனக்கு விளக்கினார்.

கூடத்தில் மாமா நாற்காலி போட்டார். ஸ்டெண்டர் முகப்பில் நிற்கும் பீகார் இளைஞர் எங்கள் உருளையை ஏற்றினார். தொட்டியில் முந்தைய துணிக்கான சாஃப்ட்னர் பாதி இருந்தது.

"மாமா, தொட்டியக் காலி பண்ணச் சொல்லுங்க."

"அது கெடக்குது கண்ணு. துணிய மேலாப்ல உட்டுக்கலாம்."

"ரப்பர் உருளையும் கழுவோணுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவர் முன்னால் நான் அதுவரை சேர்ந்தாற்போல் இரண்டு கோரிக்கைகள் வைத்ததில்லை. "அப்புடியென்ன கம்பெனிடா அது? தண்ணி பட்டாலும் ரூல், எண்ணெய் பட்டாலும் ரூல்."

"கம்பெனி ரூல் இல்லீங்க மாமா" என்றேன். "சாஃப்ட்னர் போட்டா துணி ஒட்டறதில்லீங்க. பலகை பிரிஞ்சு வந்துருதுங்க. எல்லாப் பலகையும் அப்புடித்தான் வந்துச்சு. தைக்குள்ள சரியா வர்லீன்னா பெரியப்பா பிரஸ்ஸக் கழட்டறேன்னு சொல்லிட்டாருங்க."

மெஷினின் இரைச்சலில் அவருக்குக் கேட்டதா என்று முதலில் தெரியவில்லை. அவர் எங்கள் துணியின் ஓரத்தை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து, தேய்க்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மொத உருளையிலயே தெரியுமா?"

"ரெண்டாவதுலீங்க."

"அப்ப உங்கப்பன் ஃபோன் பண்ணி கன்னுக்குட்டிய விசாரிச்சானே, அன்னைக்கித் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"ஏங் கண்ணு, நானென்ன புலியா?" என்றார் மாமா. பிறகு, "ஒரு வார்த்தை" என்றார். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பீகார் இளைஞரைப் பார்த்துக் கையை அசைத்தார். "காலி கரோ பையா. பூரா. உருளையக் கழுவு. சோப்புப் போட்டு."

தொட்டி காலியாயிற்று. உருளைகளைக் கழுவிய பிறகும் மிச்சமிருந்தால் என்ன செய்வது என்று, முதலில் கழிவுத் துணி ஒன்றை நெடுநேரம் ஓட்டச் சொன்னார் மாமா. அது அவராகவே சொன்னது. அதன்பின் எங்கள் துணி ஓடியது. வறண்டபடி நுழைந்து வறண்டபடி வெளியே வந்தது. ஓடி முடியும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. டீ மட்டும் வந்தது. உருளையை டெம்போவில் ஏற்றும்போது அதன் மேல்மடிப்பை ஒருமுறை தொட்டுவிட்டு, தொட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கர்மம். எப்புடித்தான் இதக் காலுல கட்டறாங்களோ."

பலகைகள் வெளியே வந்த அன்று அப்பா நகத்தால் முயன்றார், பிறகு ஸ்க்ரூ டிரைவரால், பிறகு உளியால். உளி வழுக்கியது. அவர் கட்டைவிரலில்தான் காயம் பட்டது, பலகையில் இல்லை. கையில் துணி சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். பொறியாளர் வந்து, பலகைகளின் மூலைகளையெல்லாம் நெம்பிப் பார்த்து, ஒரு பலகையைச் சூடாக்கிக் கால் வார்ப்பின்மேல் வளைத்து, ஆறவைத்து, அதன்மேல் ஏறி நின்றார். போகும்போது, தொடர்ந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கும் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அனுப்பினேன்.

பெரியப்பாவும் வந்து பார்த்தார். பலகையை வாங்கி, வளைக்க முயன்று, முடியாமல் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி, ஓடட்டும்" என்றார். அளந்து குறித்திருந்த சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் பாதி அழித்தார். மீதி இன்னும் இருக்கிறது.

இது இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். அடுத்த உருளைக்கு முன்னால் மாமாவே என்னை அழைத்தார். அப்பாவிடம் அவர் சில வாரம் நேராகப் பேசவில்லை. அப்பா தாம்பூலத் தட்டோடு போய்வந்த பிறகுதான் பேசினார். என்னிடம் அந்தத் தடை இல்லை.

"எதுக்கும் நீ வந்து உக்காந்துக்கோ கண்ணு. எனக்குத் தெரியும், போடக்கூடாதுன்னு. ஆனா அந்தத் துணியத் தொட்டேன்னா என்ற கை சும்மா இருக்காது."

ஆகவே எங்கள் துணி ஓடும் ஒவ்வொரு முறையும் நான் வேலம்பாளையத்தில், சாஃப்ட்னர் தொட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் ஆய்வேட்டுக்கான நூல்களில் பாதியை ஸ்டெண்டரின் இரைச்சலில்தான் வாசித்தேன். ஒரு மனிதரால் ஒரு செயலைச் செய்யாமலிருக்க முடியவில்லை என்பதற்காக, இன்னொரு மனிதர் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை எந்த வேலைப் பெயரில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மாமா வருகிறவர்களிடம், "என்ற மருமக. செக்கிங்குக்கு வந்துருக்கறா" என்று பெருமையாக அறிமுகம் செய்கிறார்.

சென்ற முறை கூடத்தில் வெக்கையாக இருந்ததால், தோளிலிருந்த கைத்தறித் துப்பட்டாவை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, எங்கள் துணி ஓடி முடிந்ததும் அது வெளியே வரும் முனைக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் தேடி வாங்கிய துப்பட்டா அது. சற்று முரடு, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். திரும்பி வந்தபோது நாற்காலியில் இல்லை. சற்று நேரத்தில் மாமா அதை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். காய்ந்திருந்தது, இன்னும் லேசான சூடு இருந்தது.

"கழுத்துல குத்துமே கண்ணு, இதயெப்புடிப் போட்டுருக்கறே? இப்பப் பாரு."

பார்த்தேன். பட்டுப்போல் இருந்தது. நன்றி என்றேன். அன்றிலிருந்து அந்தத் துப்பட்டா என் தோளில் நிற்பதில்லை. போட்டதும் வழுக்கிக் கீழே விழுகிறது. வகுப்பில், பேருந்தில், நூலகத்தில், குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டாத பலகைகளைப் பற்றி அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்வதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டு போகிறேன்.